தொடாமற் பணம் செலுத்தும் அட்டை

கடையிலுள்ள கருவிக்கருகே பாங்கு அட்டையைக் காட்டிய மாத்திரத்தில் பணம் செலுத்தப்பட்டுவிடுவதை இன்று பலரும் கண்டிருப்பர். அவ்வட்டையினுள் மின்கலம் எதுவும் இல்லை. அங்ஙனமாயின் அதிலுள்ள சில்லு எதனால் இயங்குகிறது?

1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதற்கு விடையாகும். அட்டையினுள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. கருவியிலுள்ள சுருளிலோ, வினாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப் புலம் அட்டைச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்ட, சில்லு இயங்கத் தொடங்குகிறது. விடை கூறுவதற்கு அட்டை தனியே அலை பரப்புவதில்லை; தான் ஏற்கும் மின்சுமையை மாற்றி மாற்றிக் கருவியின் புலத்தையே சிறிது கலக்குகிறது. அக்கலக்கத்தையே கருவி செய்தியாகப் படித்துக்கொள்கிறது.

சட்டைப்பையிலுள்ள அட்டையிலிருந்து பிறன் பணத்தைக் கவர்ந்துவிடுவானோ என்னும் அச்சம் பலருக்கு உண்டு. தூரம் மிக மிகப் புலம் விரைவில் நலிவதால், சில சென்டிமீட்டருக்கு அப்பால் அட்டை பொதுவாக இயங்காது. ஆயினும் நெரிசல் மிக்க பஸ்ஸில் சில சென்டிமீட்டர் ஒரு தூரமன்று. மெய்யான காவல் சில்லினுள் உறையும் இரகசியத் திறவுகோலே. ஒவ்வொரு தடவையும் அது புதியதொரு சங்கேத எண்ணை ஆக்குவதால், ஒட்டுக்கேட்ட எண் மறுமுறை செல்லாது. திருட்டுப்போன அட்டைக்கு இக்காவல் உதவாது. ஆதலின் இரகசிய எண் இன்றிச் செலுத்தும் தொகைக்கு ரிசர்வ் பாங்கு வரம்பிட்டது: முதலில் 2,000 ரூபாய், 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய். இவ்வசதி வேண்டாதோர் அதனை நிறுத்தி வைக்க 2020 அக்டோபர் முதல் வழியுண்டு.

வருங்காலத்தின் கடினமான வினா வேறு. பாங்குடன் தொடர்பு கிட்டாத மலைக்கிராமத்தில் எவ்வாறு பணம் செலுத்துவது? 2019-இல் அறிமுகமான தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை, பயணக் கட்டணத்துக்கான சிறு தொகையைச் சில்லிலேயே இருத்திக்கொள்கிறது. தொடர்பின்றிச் செலுத்தும் சிறு தொகைகளுக்கு 2022 ஜனவரியில் ரிசர்வ் பாங்கு விதி வகுத்தது. தடவைக்கு 200 ரூபாய் என்றிருந்த வரம்பு 2023-இல் 500 ஆயிற்று. நோட்டைக் கொடுத்தால் அது நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. எண்ணையோ எத்தனை முறையும் படியெடுக்கலாம். ஒரே ரூபாய் இருவருக்குச் செலுத்தப்படாதவாறு சில்லே நேர்மையுடன் கணக்கைக் கழித்தாக வேண்டும். அட்டை தொலைந்தாலோ, பாங்கு அறியுமுன் அதிலுள்ள மிச்சத்தைக் கண்டெடுத்தவன் செலவிட்டுவிடக்கூடும். வரம்பு இத்துணைச் சிறிதாக வைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.