சைன் 20 பாகை எங்கிருந்து வருகிறது?

பத்தாம் வகுப்பு மாணவி



திரிகோணமிதி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது கோபுரமும், அதன் உச்சியின் ஏற்றக் கோணமும்தான். 30, 45, 60 பாகைகளின் மதிப்புகளை மனப்பாடம் செய்துவிட்டால் தேர்வில் தப்பித்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் இருந்தேன், என் தந்தையார் ஒரு கேள்வி கேட்கும் வரையில்.

அவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு சிறு பட்டறையின் டூல் ரூமில் வேலை செய்கிறார். அங்கே 'சைன் பார்' என்றொரு கருவி உண்டு. மட்டமாகத் தீட்டிய எஃகுப் பட்டை. அதன் இரு முனைகளிலும் ஒரே பருமனுள்ள இரண்டு உருளைகள். உருளைகளின் மையங்களுக்கு இடையே சரியாக 200 மில்லிமீட்டர். ஓர் உருளையைச் சர்பேஸ் பிளேட்டின் மீதும், மற்றதை ஸ்லிப் கேஜ் அடுக்கின் மீதும் வைத்தால் பட்டை சாய்ந்து நிற்கும். பட்டைதான் கர்ணம்; அடுக்கின் உயரம்தான் எதிர்ப்பக்கம். நம் புத்தகத்துச் செங்கோண முக்கோணமே எஃகாகி நிற்கிறது!

20 பாகைச் சாய்வு வேண்டுமானால் உயரம் 200 × சைன் 20. கைப்பேசியில் தட்டினால் 68.404 என்று வரும். 1.004, 1.4, 6, 60 ஆகிய நான்கு ஸ்லிப் கேஜ்களைத் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகத் தேய்த்து வைத்தால் பசையில்லாமலே ஒட்டிக்கொண்டு அந்த உயரத்தைத் தரும். பிறகு கடைந்த பொருளைப் பட்டையின் மேல் வைத்து, டயல் கேஜை நெடுக ஓட்ட வேண்டும். முள் அசையாவிட்டால் சாய்வு சரி.

ஒரு ஞாயிறன்று பூசை முடிந்து வீடு திரும்பியபோது அப்பா கேட்டார்: "இத்தனை வருஷமா இந்த உயரத்தை அடுக்கறேன். முன்னே அட்டவணையைப் பார்த்தேன், இப்போ போனைப் பார்க்கறேன். அட்டவணைக்கு யார் சொன்னாங்க? நான் ஐ.டி.ஐ.யோட நின்னுட்டேன். நீயாவது படிச்சுச் சொல்லும்மா."

எனக்குப் பதில் தெரியவில்லை. அளவுகோல் வைத்து முக்கோணம் வரைந்து அளந்தால் இரண்டு தசம இடத்திற்கு மேல் நிச்சயமில்லை. ஐந்து தசம இடம் எப்படி வந்தது? கணித ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டேன். "இது பள்ளியில் தொடங்கிக் கல்லூரியில் முடிகிற கேள்வி" என்று சிரித்துவிட்டு, மதிய இடைவேளைகளில் சொல்லிக்கொடுத்தார்கள்.

முதலில் பெயர். வட்டத்தின் வில்லையும் நாணையும் நாம் எட்டாம் வகுப்பிலிருந்தே அறிவோம். வடமொழியில் நாணை 'ஜ்யா' என்பர். ஆரியபட்டர் கி.பி. 499இல், அரை நாணின் அளவுகளை மூன்றே முக்கால் பாகைக்கு ஒன்றாக 24 எண்களாகத் தந்தார். 'ஜீவா' என்ற சொல் அரபு நாட்டிற்குப் போய் 'ஜிபா' ஆயிற்று. அதை இலத்தீனில் பெயர்த்தவர்கள் மடிப்பு என்னும் பொருளுள்ள வேறோர் அரபுச் சொல்லாகப் படித்து 'சைனஸ்' என்று எழுதிவிட்டார்கள். எழுத்துப் பிழைக்கு நாம் மதிப்பெண் இழக்கிறோம். அவர்களுடைய பிழையோ உலகெங்கும் பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்டது!

அடுத்து, வழி. கோணத்தை 'க' என்று கொண்டால்,

சைன் க = க − க³/6 + க⁵/120 − ...

இது முடிவில்லாமல் செல்லும் தொடர். கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவர் 14ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டிருந்தார். சுமார் 1530இல் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா' என்னும் மலையாள நூலில் இதற்குக் காரணங்களும் எழுதி வைத்தார். இங்கிலாந்தில் நியூட்டன் இதே தொடரை அடைந்தது 17ஆம் நூற்றாண்டில்.

ஆவலுடன் க என்ற இடத்தில் 20 என்று போட்டேன். முதல் இரண்டு உறுப்புகளிலேயே மைனஸ் 1313 வந்தது! சைன் மதிப்பு 1க்கு மேல் போகாதே என்று விழித்தேன். தவறு என்னுடையதே. இங்கே கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியனில் எழுத வேண்டும். அதாவது வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்து. அப்போதுதான் தொடரின் பொருளே விளங்கிற்று. சிறிய கோணத்தில் வில்லும் அரை நாணும் ஏறக்குறைய ஒரே நீளம். முதல் உறுப்பு வில்லின் நீளம். நாண் அதைவிடச் சற்றே குறைவாதலால் மற்றவை திருத்தங்கள்.

20 பாகை = 0.34907 ரேடியன். அதன் மூன்றாம் படியை 6ஆல் வகுத்தால் 0.00709. ஐந்தாம் படியை 120ஆல் வகுத்தால் 0.00004.

0.34907 − 0.00709 + 0.00004 = 0.34202

இதை 200ஆல் பெருக்கினால் 68.404! கைப்பேசி சொன்ன அதே எண். (கணிப்பான்களுக்குள் வேறு உத்திகளும் கையாளப்படுவதுண்டு என்று சிஸ்டர் சொன்னார்கள்.)

6ம் 120ம் ஏன்? அதற்குத்தான் நுண்கணிதம். ஒரு மதிப்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைக் கணக்கிடுவது வகையீடு. சைனை வகையிட்டால் கொசைன். கொசைனை வகையிட்டால் மைனஸ் சைன். நான்கு முறை செய்தால் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவிடும். மறுபுறம், க³ ஐ வகையிட்டால் 3க², பிறகு 6க, பிறகு வெறும் 6. அந்த 6 நீங்கவே 6ஆல் வகுக்கிறோம். அவ்வாறே ஐந்தாம் படிக்கு 5 × 4 × 3 × 2 × 1 = 120. கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வருவது அந்த மைனஸ் சைனால். எல்லைகளையும் வகையீட்டையும் பதினோராம் வகுப்பிலும், இத்தகைய தொடர்களைப் பன்னிரண்டாம் வகுப்பிலும் கற்பிக்கிறார்கள். கல்லூரியில் அவற்றின் நிரூபணம்.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசனுக்கு அவ்வளவு காலம் காத்திருக்கப் பொறுமையில்லை. பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே, கல்லூரி மாணவர் படிக்கும் லோனியின் திரிகோணமிதி நூலை இரவல் வாங்கிக் கற்றுத் தேர்ந்தார். சைன், கொசைன் பற்றித் தாமே கண்ட ஓர் உண்மை ஆய்லர் முன்பே கண்டதுதான் என்று அறிந்தபோது, எழுதிய தாள்களை வெட்கத்துடன் வீட்டுக் கூரையில் செருகி வைத்தார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். எனக்கோ நேர் எதிர். 1313லிருந்து 0.34202க்கு வந்து சேர்ந்த அந்தத் தாளை வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன்.

கணிதம் உள்ள பிரிவில் சேருவதாக நான் சொன்னபோது, "பெண்பிள்ளைக்கு இவ்வளவு கஷ்டமான குரூப் எதற்கு?" என்று சித்தி கேட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. என் தாளை வாங்கி, சட்டைப்பையிலிருந்த பென்சிலால் ஒவ்வொரு வரியாகப் புள்ளி வைத்துச் சரிபார்த்தார். பிறகு, "நாளைக்கு 7 டிகிரி ஜாப் ஒண்ணு இருக்கு. அதைப் போடு, பார்ப்போம்" என்றார்.

7 பாகை = 0.12217 ரேடியன். திருத்தம் 0.00030. விடை 0.12187, உயரம் 24.374 மில்லிமீட்டர். மூன்றாவது உறுப்பு தேவைப்படவே இல்லை.