எரிச்சல் யார் மேல்?

கேள்வி: பட்டம் வாங்கியும் என் மகனுக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. வெளிநாட்டு ஊழியர்களைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. இது தப்பா?
– ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: எரிச்சல் வருவது தப்பில்லை அம்மா. அது யார் மேல் போய் விழுகிறது என்பதுதான் என் கவலை.

2030-ல் மக்கள்தொகை 69 லட்சம் வரை போகலாம் என்று 2013 ஜனவரியில் அரசின் வெள்ளை அறிக்கை சொன்னது. அதை எதிர்த்து அடுத்த மாதமே ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ரயிலில் நெரிசல், வீட்டு விலை, சம்பளம் என்று அவர்கள் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்.

வேலைக்கு உங்கள் மகனோடு போட்டி போடுபவர், நிபுணத்துவ வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் வருபவர். அந்தப் பாஸுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. கம்பெனியில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர், ஒரே நாட்டவர் எத்தனை பேர் என்று புள்ளி போடும் ‘காம்பஸ்’ முறை 2023 செப்டம்பரில்தான் வந்தது.

ஆனால் திட்டு வாங்குவது விடியற்காலையில் லாரியின் பின்னால் கால் மடக்கி உட்கார்ந்து போகிறவர். அவர் போவது கட்டுமானத் தளத்துக்கு. உங்கள் மகன் அந்த வேலைக்கு மனுப் போடப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அப்படிப்பட்ட தொழிலாளி ஒருவர், ஊரிலிருந்து அனுப்பியிருந்த மகளின் ரேங்க் கார்டைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே வர ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்கான கடன் அடைய இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம். அவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

ஆளெடுப்பில் உள்ளூர்க்காரர் என்பதற்காக உங்கள் மகனை ஒதுக்கினார்கள் என்று தெரிந்தால், விளம்பரத்தையும் மின்னஞ்சலையும் பத்திரப்படுத்தி நியாயமான வேலை நடைமுறைகளுக்கான ‘டாஃபெப்’ அமைப்பில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.