எல்லார்க்கும் திறந்த வாயில்

உழைத்த களைப்பை ஆற்றவும் உடல்நலம் பேணவும் பிறரோடு கூடி மகிழவும் மனிதருக்குப் பொதுவெளி வேண்டும். பூங்காவும் விளையாட்டுத் திடலும் ஒரு நகரில் இருப்பது வேறு. அவை அந்நகரத்தார் அனைவருக்கும் எட்டுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைச் சில நகரங்கள் எவ்வாறு கடந்தன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சோலையும் மன்றமும்

மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரின் சோலைகளைப் பற்றிச் சுதமதி எடுத்துரைக்கிறாள். அவற்றுள் இலவந்திகை என்பது மதில் சூழ்ந்த சோலை. அதன் அருகே மன்னனின் பணியாளர் இருப்பர் என்பதால் அங்குச் செல்லுதல் தகாது என்கிறாள். பழந்தமிழர் வாழ்வில் மரநிழலில் அமைந்த மன்றமோ ஊரார் கூடும் இடமாக இருந்தது. அழகிய இடம் ஒன்றைப் பொதுவிடமாக்குவது எது என்னும் வினா இவ்விரண்டையும் ஒப்பிடும்போது எழுகிறது.

கொடையாக வந்த பூங்கா

தொழிற்புரட்சிக் காலத்தில் இங்கிலாந்தின் நகரங்கள் ஆலைகளாலும் நெருக்கமான குடியிருப்புகளாலும் நிறைந்தன. ஏழை மக்கள் காலாற நடப்பதற்கும் இடமின்றித் தவித்தனர். 1833ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குழு ஒன்று இக்குறையைச் சுட்டிக்காட்டியது. டெர்பி நகரின் ஆலை உரிமையாளர் ஜோசப் ஸ்ட்ரட், 1840இல் தம் நகருக்கு ஒரு மரப்பூங்காவை வழங்கினார். ஆயினும் பராமரிப்புச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. எனவே ஞாயிறு, புதன் ஆகிய இரு நாள்களில் மட்டுமே மக்கள் கட்டணமின்றி நுழைந்தனர். மற்ற நாள்களில் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. கொடை பெரிது, வாயிலோ பாதியளவே திறந்திருந்தது.

உரிமையாக வந்த பூங்கா

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்சி ஆற்றங்கரையில் விரைந்து வளர்ந்த சிறுநகர் பிர்கன்ஹெட். பூங்காவுக்கான நிலத்தைப் பொதுப்பணத்தில் வாங்க 1843ஆம் ஆண்டின் சட்டம் அதன் நகர நிர்வாகத்துக்கு வழிவகுத்தது. குறைந்தது 70 ஏக்கர் மக்களின் கட்டணமற்ற பொழுதுபோக்குக்கு உரியதாக இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் வரையறுத்தது.

நிர்வாகம் 226 ஏக்கர் நிலத்தை வாங்கியது. 125 ஏக்கரில் பூங்கா அமைந்தது. எஞ்சிய நிலம் வீட்டுமனைகளாக விற்கப்பட்டது. அவ்வருவாய் பூங்காவின் செலவை ஈடுசெய்ய உதவியது. சதுப்பாகக் கிடந்த நிலத்தில் ஜோசப் பாக்ஸ்டன் ஏரிகளை வெட்டுவித்து, அம்மண்ணைக் கொண்டே மேடுகளை அமைத்தார். 1847 ஏப்ரல் 5 அன்று பூங்கா திறக்கப்பட்டது.

1850இல் அங்கு வந்த அமெரிக்கரான பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், எல்லாத் தரப்பினரும் அதனை ஒன்றுபோல் துய்ப்பதைக் கண்டு வியந்தார். பின்னாளில் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்த இருவருள் அவரும் ஒருவர்.

எஞ்சிய தடைகள்

கட்டணம் நீங்கினால் எல்லாத் தடைகளும் நீங்குவதில்லை. தொலைவு ஒரு தடை. நகரின் ஓர் எல்லையில் பெரும்பூங்கா இருந்தால், மறு எல்லையில் வாழும் முதியவருக்கும் சிறுவருக்கும் அது பயன்படுவது அரிது. நியூயார்க் நகரம் 2007ஆம் ஆண்டில், ஒவ்வொருவருக்கும் பத்து நிமிட நடைத்தொலைவுக்குள் பூங்கா அமைய வேண்டும் என இலக்கு வகுத்தது. புதிய நிலம் அரிதான நிலையில், பள்ளித் திடல்களைப் பள்ளி நேரத்துக்குப் பின் மக்களுக்குத் திறந்துவிட்டது. நிதி குறைந்த சிறுநகரங்களுக்கும் இவ்வழி ஏற்றதே.

நேரம் மற்றொரு தடை. பகல் முழுவதும் உழைப்பவர் வரும் வேளையில் பூட்டியிருக்கும் பூங்கா அவருக்கு இல்லாத பூங்காவே.

வடிவமைப்பும் தடையாகலாம். ஒன்பது வயதைக் கடந்த சிறுமியர் பூங்காக்களுக்கு வருவது வெகுவாகக் குறைவதை வியன்னா நகரம் 1990களில் கண்டறிந்தது. ஒரே பெருந்திடலாக இருந்த இடங்களைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்தும், நடைபாதைகளைச் செம்மைப்படுத்தியும் அந்நகரம் பூங்காக்களை மாற்றியமைத்தது. வாயிற்படியருகே ஒரு சாய்தளம், மாலையில் போதிய விளக்கொளி, தூய்மையான கழிப்பறை ஆகியவை சிறியனவாகத் தோன்றலாம். சக்கர நாற்காலியில் வருபவரும் பெண்களும் உள்ளே வருவதா, திரும்பிச் செல்வதா என்பதை முடிவு செய்பவை அவையே.

தெரிந்து தெளிவோம்

இந்திய அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய 18 பணிகள் குறிக்கப்பட்டுள்ளன. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற வசதிகளை அமைத்தல் அவற்றுள் ஒன்று.

பூங்கா அமைப்பது ஆட்சியாளரின் அருட்கொடை அன்று. குடிமக்களுக்கு ஆற்ற வேண்டிய கடமை. யார் வருகிறார்கள் என்று எண்ணுவதோடு, யாரால் வர இயலவில்லை என்றும் ஒரு நகரம் கேட்க வேண்டும். அவ்வினாவுக்கு விடை காணும் நகரில்தான் பொதுவெளி உண்மையிலேயே பொதுவாகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ப் பூங்கா அல்லது திடலுக்கு நடந்து செல்ல ஆகும் நேரம், திறந்திருக்கும் நேரம், கட்டணம், சாய்தள வசதி ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.
2. அங்கு வர இயலாதவர் யார், ஏன் என்பதை வகுப்பில் கலந்துரையாடி, தீர்வுகளைத் தொகுத்து நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுக.