படிகள் தந்த பாடம்

நுழையும்முன்

உடலைப் பேணுவதற்குப் பணம் செலுத்தி உடற்பயிற்சிக்கூடத்திற்குச் சென்றாக வேண்டும் என்னும் எண்ணம் இன்று பரவி வருகிறது. அக்கூடங்கள் பயன் தருபவையே. ஆயினும், அங்குச் செல்லும் வாய்ப்பும் வசதியும் இல்லாதவர் உடல்நலத்தோடு வாழ இயலாதா? இவ்வினாவிற்கு விடை தேட உதவிய ஆய்வொன்று இலண்டன் மாநகரப் பேருந்துகளில் தொடங்கியது.

ஒரே பேருந்து, இருவேறு பணி

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் மாரடைப்பால் இறப்போர் தொகை பெருகியது. அதன் காரணத்தை ஆராய்ந்த மருத்துவர் ஜெரி மாரிசும் அவர்தம் குழுவினரும் இலண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியோரைக் கூர்ந்து நோக்கினர். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே பேருந்தில், ஒரே சாலையில் நாளைக் கழித்தவர்கள். வாழ்க்கை நிலையிலும் அவர்களிடையே பெரிய வேறுபாடில்லை. ஆனால், ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியை அமர்ந்தே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக மேல்தளத்திற்கும் கீழ்த்தளத்திற்குமாக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளில் ஏறி இறங்கினார்.

ஆய்வு முடிவு 1953ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாகவே வந்தது; வந்தபோதும் பிந்திய வயதிலேயே வந்தது; அதனால் நேர்ந்த இறப்பும் குறைவாக இருந்தது. நடந்தும் மிதிவண்டியில் சென்றும் கடிதங்களை வழங்கிய அஞ்சல்காரர்களை, அமர்ந்து பணிபுரிந்த எழுத்தர்களோடு ஒப்பிட்டபோதும் இத்தகைய வேறுபாடே தென்பட்டது.

ஐயமும் தெளிவும்

இயல்பிலேயே உடல்திறம் மிக்கவர்கள்தாம் நடத்துநர் ஆயினரோ என்னும் ஐயம் இங்கு எழலாம். மாரிசுக்கும் அவ்வையம் எழுந்தது. அவர் பணியாளர்களின் சீருடை அளவுகளை ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம் வயதிலேயே மிகுதியாக இருந்ததை 1956இல் மறைக்காமல் வெளியிட்டார். பின்னர், உடற்பருமனையும் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோதும் இருவர்க்கும் இடையிலான வேறுபாடு நீங்கவில்லை. அடுத்து அவர் அலுவலகத்தில் அமர்ந்து பணியாற்றிய அரசு ஊழியர் ஏறத்தாழ 17,000 பேரை ஆராய்ந்தார். ஓய்வுநேரத்தில் உடலை நன்கு இயக்கியவர்களுக்கு இதயநோய் குறைவு என்பதை அவ்வாய்வு 1973இல் உணர்த்தியது. அமர்ந்து செய்யும் தொழிலில் இருப்பவரும் நலம் பெற வழியுண்டு என்பது இதனால் விளங்கும்.

இயக்கத்தின் பயன்

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சிரைகளை அழுத்துகின்றன. கால்களில் உள்ள குருதி இதயத்தை நோக்கி மேலேறுகிறது. உழைக்கும் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துப் பயன்படுத்துகின்றன. குதித்தலும் ஓடுதலும் எலும்புகளை வலுப்படுத்துகின்றன. எலும்பு வலிமையின் பெரும்பகுதி வளரிளம் பருவத்திற்குள் அமைந்துவிடுவதால், இப்பருவத்தில் தவறவிட்டதைப் பிற்காலத்தில் முழுமையாக ஈடுசெய்வது அரிது.

நம் நாளில் உள்ள படிகள்

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது. மேல்நிலை மாணவரின் ஒருநாளை எண்ணிப் பார்ப்போம். விடியலில் சிறப்பு வகுப்பு, பகலெல்லாம் பாடவேளை, மாலையில் தனிவகுப்பு, இரவில் படிப்பு. தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையும் வேறொரு பாடத்திற்குரியதாகிவிடுகிறது. ஆசிரியரும் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

இந்நாளுக்குள்ளும் இயக்கத்திற்கு இடமுண்டு. அருகிலுள்ள இடங்களுக்கு நடந்தோ மிதிவண்டியிலோ செல்லலாம். மின்தூக்கியைத் தவிர்த்துப் படியேறலாம். தண்டால், பஸ்கி ஆகியவற்றிற்கு ஓர் ஆள் படுக்கும் அளவு இடம் போதும். கயிறு தாண்டுவதற்கு ஒரு கயிறு போதும். சடுகுடுவிற்குக் கருவியே வேண்டா. தண்ணீர் சுமத்தல், வீடு பெருக்குதல், துணி துவைத்தல் ஆகியனவும் உடலுழைப்பே. அவை பெண்பிள்ளைகளுக்கே உரியவை என ஒதுக்காமல் ஆண்பிள்ளைகளும் பகிர்ந்து செய்தல் வேண்டும். அப்போது உடலும் வளம்பெறும். சகோதரிக்கு விளையாட நேரமும் கிடைக்கும். நோயுற்றோர் மட்டும் மருத்துவரின் அறிவுரைப்படி பயிற்சி செய்தல் நலம்.

இலண்டன் ஓட்டுநர் தம் இருக்கையை விட்டு எழ அவரது பணி இடந்தரவில்லை. நமக்கோ அத்தகைய கட்டுப்பாடு இல்லை. ஒரு பாடம் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தெருக்கோடி வரை நடந்து திரும்பலாம். அப்பழக்கத்தை இன்றே தொடங்குவோம்.

தெரியுமா?

‘நாளொன்றுக்கு 10,000 அடி’ என்னும் கணக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போகெய்’ என்னும் நடையளவியின் பெயரால் பரவியது. அப்பெயருக்குப் ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பது பொருள். அதனினும் குறைவாக நடப்பவரும் பயன்பெறுவர்.

கற்பவை கற்றபின்...

1. ஒரு வாரம் நீங்கள் அமர்ந்திருந்த நேரத்தையும் இயங்கிய நேரத்தையும் அட்டவணைப்படுத்தி வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் பகுதியில் அமர்ந்து பணிபுரியும் ஒருவரையும் நடந்து பணிபுரியும் ஒருவரையும் நேர்கண்டு, அவர்தம் ஒருநாள் வாழ்வை எழுதுக.