அயலாரும் இராக்காவலும்



நடு இரவில் உங்கள் வீட்டுக் கதவை யாரோ நெம்புகிறான். கூப்பிட்டால் முதலில் ஓடி வருகிறவர் யார்? தைப்பிங்கிலிருக்கும் தம்பியா? அல்லவே! அடுத்த வீட்டுக்காரர்தான். அவர் மலாய்க்காரராயினும் சரி, சீனராயினும் சரி.

இந்த எளிய விஷயத்தை மலேசிய அரசாங்கம் ஓர் ஏற்பாடாகவே அமைத்தது. அதுவே ருக்குன் தெத்தாங்கா. தெத்தாங்கா என்றால் அண்டை வீட்டார். ருக்குன் என்றால் நெறி.

1969 மே 13-ல் கோலாலம்பூரில் மூண்ட இனக் கலவரத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அரசாங்கக் கணக்கின்படியே 196 பேர் மாண்டனர். பின்பு 1975-ல், துன் அப்துல் ரசாக் பிரதமராயிருந்த காலத்தில், அவசரகால விதிகளின்கீழ் ருக்குன் தெத்தாங்கா துவங்கிற்று. கம்யூனிஸ்டுகளைப் பற்றிய பயமும் அப்போதிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தேசிய ஞாபகச் சின்னத்துக்கே வெடி வைத்தார்கள். ஆகையால் முதலில் இரவு ரோந்து ஆண்களுக்குக் கட்டாயம். பிற்காலத்தில் கட்டாயம் நீங்கிற்று. 2012-ஆம் ஆண்டின் சட்டம் ரோந்தை மனமுவந்து வருகிறவர்களிடம் விட்டிருக்கிறது.

ரோந்தின் பலன் திருடனைப் பிடிப்பது மாத்திரமா? மூன்று இனத்தார் மூவர் ஒரே இருட்டில் நடந்தால் பேசாமல் எத்தனை நேரம் இருப்பார்கள்? மீன் விலை, பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் வெளியே வரும். இதற்காகவே பட்டியலை வீட்டு வரிசைப்படி எழுதவேண்டும். சிநேகிதர் சிநேகிதரோடு சேர்ந்துகொண்டால் பாதிப் பயன் போயிற்று.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நம்மவர் மட்டும் கூடிக் காவல் காத்தால், மற்றவரெல்லாம் கள்வராகத் தோன்றுவர். வங்காளதேசத்துத் தொழிலாளி இரவு வேலை முடிந்து சைக்கிளில் வருகிறான், அவனை நிறுத்துவானேன்? அவன் செய்கையைக் கண்டு சந்தேகமா, முகத்தைக் கண்டு சந்தேகமா? முகத்தைக் கண்டுதான் என்றால், வழிவிடுங்கள். செய்கை தவறானால் 999-க்குத் தெரிவியுங்கள். அடிக்க உங்களுக்கு அதிகாரமில்லை.

நிற்க. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க் குடும்பங்கள் ஊருக்குப் போகையில் அவர்கள் வீடுகளை நாம் பார்த்துக்கொள்ளலாம். சீனப் புத்தாண்டிலும் அப்படியே. கிறிஸ்மஸ் இரவில் நாமெல்லாரும் நடுச்சாமப் பூசையிலிருக்கும்போது நம் தெருவைக் காப்பது யார்? டிசம்பர் பிறக்குமுன்னே அடுத்த வீட்டாரிடம் கேட்டு வையுங்கள். திரும்பி வருகையில் அவருக்கும் கொஞ்சம் கேக் எடுத்து வையுங்கள்.