கண்மாய் வழியே

ஏரி காணப் புறப்படுவோர் கோவிற்பட்டிக்கு வருவதில்லை. நீல நீரும் படகும் நாடுவோர் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்திற்குச் செல்வர். பண்டைக் காலத்துப் பனிப்பாறைகள் குடைந்து சென்ற பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கி, அங்கே விண்டர்மியர் முதலிய ஏரிகள் தோன்றின. அவற்றின் அருகேயுள்ள சீத்வெயிட் என்னும் சிற்றூரில் ஆண்டொன்றுக்கு 300 சென்டிமீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. கோவிற்பட்டியிலோ ஏறத்தாழ 70 சென்டிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும்.

இயற்கை இக்கரிசல் நிலத்திற்கு ஏரி கொடுக்கவில்லை. எனினும், நல்ல மழைக்குப் பின் கழுகுமலைக் குன்றின்மீது நின்று நோக்குவோமாயின், கரிய நிலத்தின் இடையிடையே நீர்ப்பரப்புகள் ஒளிரக் காண்போம். அவை கண்மாய்கள்; மண்வெட்டியும் கூடையும் கொண்டு மக்கள் ஆக்கியவை. இவ்வாறு ஆக்கப்பட்ட ஏரிகள் தமிழ்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 39,000 உள்ளன.

இங்கிலாந்திலும் மக்கள் ஆக்கிய ஏரிகள் இல்லாமல் இல்லை. அந்நாட்டின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில் பிராட்ஸ் எனப்படும் ஏரிகள் பல உள்ளன. அவை இயற்கையாக அமைந்தவை என்றே நெடுங்காலம் எண்ணினர். ஜாய்ஸ் லாம்பர்ட் என்னும் பெண் அறிஞர் 1950-களில் அவற்றின் அடிமண்ணைத் துளைத்து ஆராய்ந்தார். இடைக்கால மக்கள் அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்து மண்ணை வெட்டியெடுத்த குழிகளே அவை என்பதும், பின்னர் வெள்ளம் புகுந்து ஏரிகளாயின என்பதும் அப்போது தெளிவாயின. அங்கே எரிபொருளுக்கு வெட்டிய பள்ளத்தில் அழையாமலே நீர் புகுந்தது. இங்கே நீருக்கென்றே வெட்டுகின்றோம். நீர் வருவதுதான் அரிது!

நீரின் அருமை ஊர்ப் பெயர்களிலும் விளங்கும். கோவிற்பட்டிக்கு அண்மையில் இளையரசனேந்தல் என்றோர் ஊர் உண்டு. ஏந்தல் என்பது நீரை ஏந்தி நிற்கும் சிற்றேரி. கிழக்கே விளாத்திகுளம் குளத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. நீர்நிலை அமைப்பது அரசன் கடமை என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்திய பாட்டு, புறநானூற்றில் பதினெட்டாவதாக உள்ளது. அப்பாண்டியனின் நாட்டைச் சேர்ந்ததே இக்கரிசல் பூமியும்.

மாணவர்களே! ஒரு கண்மாயைத் தலையிலிருந்து கால்வரை நடந்து காண்போமா? கரையிலிருந்து தொடங்கினால் கண்மாய் விளங்காது. அதற்கு மேற்கே, மேட்டு நிலத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். கரிசல் மண் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் அவ்வெடிப்புகளில் கையை நுழைத்துப் பார்க்கலாம். ஆதலால், முதல் மழையை நிலமே குடித்துவிடும். வெடிப்புகள் மூடிக்கொண்ட பின்னரே நீர் மேலோடத் தொடங்கும். அவ்வாறு ஓடும் நீரைத் திரட்டிக் கொணர்வது வரத்துக்கால். அது பார்ப்பதற்கு ஒரு சிறு பள்ளமே. கோடையில் ஆடுகள் அதனூடே நடந்து செல்லும். அதனை ஒருவர் தம் புஞ்சையோடு சேர்த்து உழுதுவிட்டாலும் எளிதில் எவர் கண்ணிலும் படாது. ஆனால் கண்மாயின் உயிர் அதில்தான் இருக்கின்றது.

வரத்துக்காலின் முடிவில் பிறைபோல் வளைந்த கரை எதிர்ப்படும். நீர்ப்பக்கம் அலை அரியாதபடி கற்கள் அடுக்கப்பட்டிருக்கும். கரைமேல் பனைமரங்களும், பெரும்பாலும் ஓர் அய்யனார் கோயிலும் இருக்கும். கரிசல் மண்ணால் எழுப்பிய கரை கோடையில் தானும் வெடிக்கும். பெருமழை நாளில் அவ்வெடிப்பு வழியே கசிவு தொடங்கினால் கரை உடைந்துபோகும். அதனால்தான் அடைமழை இரவுகளில் ஊரார் விளக்கும் வைக்கோலும் மண்மூட்டையும் கொண்டு கரைக்குக் காவல் இருந்தனர்.

நீரின் நடுவே இரண்டு கற்றூண்கள் குறுக்குச் சட்டங்களுடன் நிற்பதைப் பழைய கண்மாய்களில் காணலாம். அதுவே குமிழித் தூம்பு. தூண்களின் அடியில் கற்பெட்டி ஒன்று புதைந்துள்ளது. அதன் மேற்புறத்துத் துளை வழியே நீர் இறங்கும். அதன் பெயர் நீரோடித் துளை. கீழ்ப்புறத்துத் துளைகள் அடியில் படிந்த சேற்றை உடன் இழுத்துச் செல்லும். அவற்றின் பெயர் சேறோடித் துளை. பயிருக்கு நீர் வேண்டும்போது ஒருவர் நீந்திச் சென்று, மூழ்கி, அடைப்பை எடுப்பார். நீர் பாயும்; வண்டலும் உடன் பாய்ந்து வயலுக்கு உரமாகும். கண்மாயும் ஓரளவு தானே தூர் வாரிக்கொள்ளும். பொறியியற் கல்லூரிகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதனை அமைத்த கற்றச்சரின் அறிவை என்னென்பது! வாய்க்காலில் இறங்கிய நீரை வயலுக்கு வயல் முறை தவறாது பகிர்ந்தளித்தவர் நீர்ப்பாய்ச்சி. அவருக்குக் கூலி நெல்லாகக் கிடைக்கும்.

கரையின் ஓரத்தில், கல்லால் கட்டிய தாழ்வான சுவர் ஒன்று உண்டு. அது கலிங்கு. கண்மாய் நிறைந்தபின் மிகுநீர் அதன்மேல் வழிந்து மறுகாலாக ஓடும். மேலூரின் மறுகாலே கீழூரின் வரத்துக்கால்! ஒன்றன் கழிவு மற்றொன்றன் வாழ்வாக, கண்மாய்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளன. மேலூரார் கலிங்கை ஒரு சாண் உயர்த்தினால் கீழூர் வயல் காயும். கலிங்கின் உயரம் பற்றி ஊர்களுக்கிடையே வழக்குகள் எழுந்தமைக்குக் காரணம் இதுவே. அச்சண்டைகளை நாம் இகழ வேண்டுவதில்லை; ஒரு சாண் நீர் ஓர் ஊரின் ஓராண்டு உணவன்றோ!

கண்மாய் பயிருக்கு; ஊருணி குடிநீருக்கு. கரிசல் நாட்டில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பு. ஆகவே, மழைநீரைத் தனியே தேக்கி, அதில் குளிக்கவோ துவைக்கவோ ஆடுமாடுகளை இறக்கவோ கூடாதெனக் கட்டுப்பாடு செய்தனர். கலங்கிய ஊருணி நீரைக் குடத்தில் எடுத்துவந்து, தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலந்து தெளியவைத்து அருந்தினர். கோவிற்பட்டி நகருக்கு இன்று சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீர் குழாய் வழியே வருகின்றது.

குழாய் வந்தது நன்மையே. ஆயினும், வீட்டுக்குள் நீர் வந்தபின் ஊருணியை நோக்குவார் குறைந்தனர். கண்மாயின் கதை அதனினும் பழையது. ஊரார் தாமே கூடிச் செய்த மராமத்துப் பணியை 1858ஆம் ஆண்டில் ஆங்கில அரசு கட்டாய உழைப்புச் சட்டத்தால் நிலைநிறுத்த முயன்றது. மனமுவந்து செய்த வேலை கட்டளைக்கு எளிதில் கட்டுப்படவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபோது, அவற்றின் கண்மாய்கள் அரசின் பொறுப்பாயின. அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக் கருவேலம் வரத்துக்கால்களையும் கண்மாய் வயிற்றையும் அடைத்துக்கொண்டது. தமிழக அரசு குடிமராமத்தை 2016-17ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கிற்று. கண்மாயின் உட்புறத்தை மட்டும் தோண்டி வரத்துக்காலை விட்டுவிடுதல், பானையைத் துலக்கிவைத்து அடுப்பை மூட்டாதிருப்பது போன்றதே.

நீர் வராமையினும் கொடியது, வரும் வழியறியாது வருவது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் பல உடைந்து, ஊர்கள் நீரில் மூழ்கின. ஆண்டு முழுவதும் நீருக்கு ஏங்கும் அம்மாவட்டத்தில் அன்று படகில் சென்று மக்களை மீட்க நேர்ந்தது.

நம் நடையைத் தொடர்வோம். கடைசிக் கண்மாயின் மறுகால் நீர் ஓடையாகி, கோவிற்பட்டிக்கு வடக்கேயுள்ள ஓடைகள் பலவற்றைப் போல் வைப்பாற்றை அடையும். இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியோடு கூடிவரும் அவ்வாறு, விளாத்திகுளத்தைக் கடந்து, சிப்பிகுளத்தின் அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. மழை மாதங்கள் நீங்கலாக அதில் காண்பது மணலே. கோடையில் பெண்கள் அம்மணலில் ஊற்றுத் தோண்டி, நீர் சுரக்கும்வரை காத்திருந்து, சிரட்டையால் சிறிது சிறிதாக முகந்து குடத்தை நிரப்பினர்.