உரோமாபுரியில் மின்வண்டி உலா

ஒரு நகரைச் செவ்வனே காண்பதற்குக் காலும் வேண்டும், கண்ணும் வேண்டும், காலமும் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் காட்சி நிரம்பாது. ஈராயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட வரலாறுடைய உரோமாபுரிக்குச் செல்வோருள் பலர்க்கு இம்மூன்றும் ஒருங்கே வாய்ப்பதில்லை. முதியோர்க்குக் கால் தளரும். கோடையிற் செல்வோர்க்கு நண்பகல் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். பலர்க்கு ஆங்குத் தங்கும் நாட்கள் இரண்டு அல்லது மூன்றே. இக்குறைகளை ஓரளவு நீக்குதற்பொருட்டு அண்மைக்காலத்தே அந்நகரில் வழக்கிற்கு வந்திருப்பது, மாலை வேளையிற் சிறு மின்சார வண்டிகளில் ஏறி நகர்வலம் வரும் முறையாகும். அவ்வண்டி யாது, அதற்கு அந்நகரில் இடமுண்டானது எவ்வாறு, அதிலேறிக் காண்பன எவை, அதனால் விளையும் நன்மை தீமைகள் எவை என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

கோல்ஃப் விளையாடுவோர் தம் பரந்த புல்வெளிகளைக் கடத்தற்கு ஏறிச்செல்லும் சிறு வண்டியே இதற்கு மூலம். பக்கங்கள் திறந்தன, மேலே மெல்லிய கூரையுண்டு, ஓட்டுவோன் நீங்கலாக நால்வர் முதல் எழுவர்வரை அமரலாம். இருக்கைகளின் கீழ் மின்கலங்கள் அடுக்கப்பட்டிருக்கும். மீண்டும் மீண்டும் மின்னேற்றிக்கொள்ளத்தக்க ஈயத் தகட்டு மின்கலத்தைப் பிரான்சு நாட்டுப் பிளாந்தே என்பார் 1859-இல் அமைத்தார். இக்காலத்தே அதனினும் இலேசான லித்தியக் கலங்களும் வழங்குகின்றன. கலத்தினின்றும் வரும் மின்னோட்டம் மோட்டாரைச் சுழற்ற, அச்சுழற்சி சக்கரங்களைச் செலுத்துகின்றது. இவ்வகை வண்டிகள் சிலவற்றில், இறக்கத்திற் செல்லுங்கால் மோட்டாரே டைனமோவாக மாறி, வேகத்தைத் தணிப்பதோடு கலத்திற்கு மின்சாரத்தையும் திருப்பியளிக்கும். ஏழு குன்றுகளின்மேல் எழுந்த ஊருக்கு இது மிகப் பொருந்தியதன்றோ?

மின்வண்டி புதுமையெனக் கருதுவார் உளராயின், அது பொருந்தாது. இலண்டன் மாநகரில் 1897-ஆம் ஆண்டிலேயே வாடகைக்கு மின்சார வண்டிகள் ஓடின. நம் சென்னைப் பட்டினத்தில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் வண்டிகள் ஓடியதை முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பெட்ரோலின் மலிவும், நெடுந்தூரம் செல்லும் அதன் ஆற்றலும் மின்வண்டியை இடையிற் பின்தள்ளின. குறுகிய தூரமும், குறைந்த வேகமும், ஓசையின்மையும் வேண்டப்படும் பழைய நகரங்களில் அது மீண்டும் தலையெடுத்திருக்கின்றது. ஆக்ராவில் தாஜ்மகாலின் வாயிலருகே பெட்ரோல் வண்டிகளை விலக்கி, மின்கல வண்டிகளை ஓட்டுவதும் இக்கருத்துப்பற்றியதே.

இனி, உரோமாபுரியின் தெருக்களுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள பிணக்கு மிகப் பழையது. யூலியஸ் சீசர் காலத்ததாகக் கருதப்படும் சட்டமொன்று, ஞாயிறு எழுந்தது முதல் பகலின் பத்தாம் கூறுவரை, அஃதாவது பிற்பகல் நான்கு மணியளவு வரை, பாரவண்டிகள் நகரினுள் ஓடலாகாதென விதித்தது. கோயிற் கட்டடப் பொருள்களை ஏற்றிய வண்டிகள் முதலிய சிலவற்றிற்கே விலக்கு இருந்தது. ஆதலின் ஏனைய வண்டிகளெல்லாம் மாலையிலும் இரவிலும் திரண்டு புகுந்தன. அவற்றின் ஆரவாரத்தால் ஊரார் உறக்கமிழந்ததை அங்கதப் புலவராகிய யுவனாலிஸ் எடுத்துக் கூறி வருந்தியிருக்கின்றார். பகலிலே நெருக்கம், இரவிலே இரைச்சல் என்னும் இவ்விரு தீமைகளுள் ஒன்றை நீக்க முயன்றால் மற்றொன்று மிகும் என்பதை அந்நகரம் அன்றே கண்டது.

இக்காலத்தும் அப்பிணக்குத் தீர்ந்தபாடில்லை. 1932-இல் முசோலினியின் ஆட்சி, கொலோசியம் எனப்படும் பேரரங்கினின்று வெனேசியா சதுக்கம்வரை பேரரசர்களின் பழம் மன்றங்களை ஊடறுத்து ஓர் அகன்ற சாலையைத் திறந்தது. அதன்மேல் ஓடிய எண்ணிறந்த மோட்டார்களின் புகையும் அதிர்வும் பழங்கற்களுக்கு ஊறு செய்தன. 1980-இல் நகரின் பழம்பகுதி உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2013-இல் அச்சாலையின் ஒரு பகுதி தனியார் மோட்டார்களுக்கு அடைக்கப்பட்டது. நகரின் நடுவிடங்கள் பலவற்றிலும் குறித்த நேரங்களில் உரிமைச்சீட்டில்லா வண்டிகள் நுழைதல் கூடாது. பெரிய பேருந்து புகவியலாத சந்துகளிற் சிறு மின்வண்டி இடம்பெற்றது இத்தடைகளின் பயனாகவே என்க.

மாலையிற் காண்பன யாவை? முதலாவது கொலோசியம். வெஸ்பாசியன் தொடங்க, அவர் மகனார் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்துவைத்த இவ்வரங்கம் ஏறத்தாழ 48 மீட்டர் உயரமுடையது. விளக்கொளி வளைவுகளின் உள்ளிருந்து வீசுங்கால், பகலில் ஒரே சுவராகத் தோன்றியது அடுக்கடுக்காகப் பிரிந்து தோன்றும். சாலை வழியே சிறிது செல்லின் மாக்சென்சியஸ் மண்டபத்தின் மாபெரும் வளைவுகளைக் காணலாம். அம்மண்டபம் எழுமுன்னர் அவ்விடத்தே தொமிசியன் என்னும் பேரரசர் கட்டிய மிளகுப் பண்டகசாலை இருந்தது. சேரநாட்டு முசிறியினின்று கப்பலேறிய மிளகு சென்று சேர்ந்த இடங்களுள் அஃதொன்று. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு சென்றதைச் சங்கநூல்களிற் பயிலும் நம் மாணாக்கர், அம்மிளகு சென்றடைந்த வாயிலை ஆங்கு நோக்கலாம்.

அடுத்தது பாந்தியன். எகிப்து நாட்டுக் கல்லாலாய பதினாறு தூண்கள் அதன் முகப்பைத் தாங்குகின்றன. முகப்பிற் பொறிக்கப்பட்ட பெயர் அகிரிப்பா என்பாருடையது. எனினும், இன்றுள்ள கட்டடம் இரண்டாம் நூற்றாண்டில் ஹேட்ரியன் காலத்து முடிந்தது. முன்னோன் கட்டியது அழியவும் அவன் பெயரை அழியாது வைத்த பெருந்தகைமை கருதத்தக்கது. 43 மீட்டர் குறுக்களவுடைய அதன் குவிமாடம், இரும்புக் கம்பியின்றி வார்த்த சுண்ணக்காரை மாடங்களுள் இன்றும் உலகிற் பெரியது.

நவோனா சதுக்கம் தொமிசியனின் ஓட்டப்பந்தய அரங்கின் வடிவிலேயே நீண்டு கிடக்கின்றது. அதன் நடுவே பெர்னினி என்னும் சிற்பி 1651-இல் முடித்த நான்கு நதிகளின் நீரூற்றில் நைல், தானியூபு, பிளாட்டா என்பவற்றோடு நம் கங்கையும் துடுப்பேந்திய ஆடவனாக வீற்றிருக்கின்றது. கங்கையைப் பெண்ணாகவே போற்றும் நமக்கு இவ்வுருவம் வியப்பளிக்கும். திரெவி நீரூற்றை 1732-இல் நிக்கோலா சால்வி தொடங்கினார். அவர் மறைந்தபின் 1762-இல் அது நிறைவெய்தியது. கி.மு. 19-இல் மேற்கூறிய அகிரிப்பா கொணர்ந்த கால்வாயின் முடிவிடத்தை அணிசெய்யவே அஃதெழுந்தது. வருவோர் அதிலெறியும் காசுகள் திரட்டப்பட்டு வறியோர்க்கு உதவுகின்றன.

இவ்வுலாவின் நன்மைகள் வெளிப்படை. கருங்கற் பாவிய மேடுபள்ளத் தெருக்களில் நடக்கவியலாத முதியோரும் நோயுற்றோரும் இதனாற் காட்சி பெறுகின்றனர். புகையும் இரைச்சலும் தெருவிலே இல்லை. எனினும் தீமைகளும் உள. மின்சாரம் பிறக்குமிடத்தே கரியும் எரிவாயுவும் எரியுமாயின் புகை இடம் மாறியதேயன்றி ஒழிந்ததாகாது. சந்துகளில் வண்டிகள் பெருகின் நடப்போர்க்கு வழியில்லை. ஆங்குக் குடியிருப்போர்க்கு அமைதியில்லை. இதுபற்றியே பிளாரென்ஸ் நகர மன்றத்தார் 2024-இல் தம் பழநகரில் இத்தகைய வண்டிகளைக் கட்டுப்படுத்த முற்பட்டனர். அன்றியும் இரவிற் பெரும்பாலான கட்டடங்களின் கதவுகள் அடைத்திருக்கும், காண்பது புறத்தோற்றமே.

ஆகவே யாம் துணிவது இது: இம்மின்வண்டி நடக்கவியலாதார்க்கு ஊன்றுகோல், நடக்கவல்லார்க்கு அஃதொரு முன்னுரை. ஊன்றுகோலைப் பறித்தல் அறமன்று. முன்னுரையோடு நூலை மூடுதல் கல்வியுமன்று. அவெந்தைன் குன்றிலுள்ள மால்தா வீரர் மடத்துக் கதவின் சாவித்துளையிற் கண்வைத்து நோக்கினால், தூய பேதுரு பேராலயத்தின் குவிமாடம் மரவேலிகளுக்கிடையே அளவாய் அமைந்து தோன்றும். அதனைக் காண வண்டியினின்று இறங்கியே ஆகவேண்டும். மாலையில் வண்டியேறி ஊரின் கிடக்கையை அறிந்து, மறுநாட் காலையில் வெயில் ஏறுமுன் நடந்து சென்று ஒன்றிரண்டு இடங்களையேனும் உள்புகுந்து ஆராய்வார்க்கு இரண்டன் பயனும் கைகூடும். எத்தனை வண்டிகள், எத்தெருவில், எந்நேரம்வரை ஓடலாமென்பதை வருவோரின் விருப்பம் ஒன்றேபற்றி முடிவுசெய்தல் ஆகாது. அவ்வூரில் இரவு உறங்கவேண்டியவரின் சொல்லுக்கே முதலிடம் தரவேண்டும். உறக்கமிழந்த யுவனாலிஸின் முறையீட்டிற்கு அந்நகரம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.